துலுக்காணத்தின் கட்டைவிரல்

ஆயுத பூஜை அன்று எங்கள் தொழிற்சாலை மேடையில் நான் முட்டி போட்டு நின்றதைப் பற்றி நாலு ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்களாம்.

புதுவாயல் டீக்கடையில் ஒரு கதை. பெரியபாளையம் பஸ்ஸில் ஒரு கதை. திருவள்ளூரில், எங்கள் தெருவிலேயே, நான் பசி மயக்கத்தில் விழுந்துவிட்டதாக ஒரு கதை. அன்று காலையில் நான் ஆறு இட்லி சாப்பிட்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேனே. வாராவாரம் ஒரு பக்கம் எழுதுகிறவளுக்கு இந்த உரிமைகூடவா இல்லை?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: கவரைப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் நடுவில், பம்புக்கான பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். திருவள்ளூரில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, அம்மனுக்கு வேப்பிலையோடு வருகிறவர்களுக்கு நடுவே இடம் பிடித்துப் போய்ச் சேர்வேன். ஒரு வருஷம் ப்ரொபேஷன். அதில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. அதாவது, யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாத இரண்டு மாதம்.

பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதால் 'நன்றாகத் தமிழ் பேசுவாள்' என்று ஒரு பெயர். அதனால் ஆயுத பூஜை விழாவில் மைக் என் கையில் கொடுக்கப்பட்டது.

பத்து மணிக்குப் பூஜை. பதினொரு மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு. ஒரு மணிக்குச் சாப்பாடு. பர்சனல் ஆபீசர் சொல்ல, நானே டைப் அடித்த நிகழ்ச்சி நிரல் அது. ஒரு பிழை கிடையாது.

பதினொரு மணி வந்தது. குழு வரவில்லை. செங்குன்றத்தில் ஏதோ ஒரு கடையிலிருந்து போன் வந்தது — வேன் மக்கர் பண்ணுகிறது, எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

ஷெட்டுக்குள் நானூறு பேர். முன் வரிசையில் முதலாளி, அவர் குடும்பம், இரண்டு வெளியூர் விருந்தாளிகள். பர்சனல் ஆபீசர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு ஓடி வந்தார்.

"மேடம், ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. கூட்டம் கலையக் கூடாது."

பேசினேன். முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரு ஜோக்கூடச் சொன்னேன். சிரித்தது நான் ஒருத்திதான்.

அப்போதுதான் பின்னாலிருந்து பேக்கிங் செக்‌ஷன் சரோஜா குரல் கொடுத்தாள். "இன்னாம்மா சும்மா பேசிக்கினு! நம்ம துலுக்காணத்த வாசிக்கச் சொல்லுங்க!"

துலுக்காணம் யார்? லேத் மெஷினில் இரும்பு கடைகிற டர்னர். நாற்பது வயதிருக்கும். எண்ணெய்க் கறை படிந்த காக்கி, படிய வாரிய தலை, அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு விசித்திரம் — வலது கையில் மட்டும் நகம் வளர்த்திருப்பார். லேத்தில் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வருகிற இரும்பு, அந்த நகங்களில் இரண்டையாவது எப்போதும் உடைத்துவிட்டிருக்கும். 'நகத்துக்காரன்' என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். எதற்கு அந்த நகம் என்று நான் கேட்டதே இல்லை. பத்து மாதமாக மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவில், அவர் பெயரை டைப் அடித்தவள். பெயர் தெரியும், நம்பர் தெரியும். வேறென்ன தெரியும் எனக்கு?

அன்று எல்லோரும் அவரவர் கருவிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். துலுக்காணம் லேத்துக்கு வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சாய்த்திருந்த ஒரு பழைய கிடாருக்கும் வைத்திருந்தார். மின்சாரத்தில் ஓடுகிற கிடார் இல்லை. வெறும் மரம், ஆறு கம்பி. அதை எடுத்துக்கொண்டு அப்படியே மேடையேறி வந்தார்.

பர்சனல் ஆபீசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்னிடம் குனிந்து, "மேடம், துலுக்காணம்னு சொல்லாதீங்க. கெஸ்ட் எல்லாம் இருக்காங்க. மாஸ்டர் குமார்னு அனவுன்ஸ் பண்ணிடுங்க" என்றார்.

துலுக்காணத்தின் காதில் விழுந்துவிட்டது.

"சார், எங்க குலசாமி பேரு சார் அது. துலுக்காணத்தம்மன். மஸ்டர் ரோல்ல அந்தப் பேருதான் கீது. குமாரு யாருன்னு எனுக்குத் தெரியாது. அவரு வந்தார்னா அவரையே வாசிக்கச் சொல்லுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

'துலுக்காணம்' என்றே அறிவித்தேன். ஷெட் முழுக்க விசில்.

விசில் கொஞ்ச நேரம்தான். அவர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கத் தொடங்கியதும் பொறுமை போய்விட்டது.

"பாடறவன் எங்கபா?"

"தபேலா இல்லியா? ஒண்டியாவா?"

"தூங்க வெச்சிராத நைனா!"

துலுக்காணம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சுருதி சேர்ந்தது. வாசிக்க ஆரம்பித்தார்.

எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இதைப் படிப்பதை விட்டுவிட்டு அதைப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு சினிமா டூயட் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. ரேடியோவில் தினம் ஒரு தடவையாவது வரும். நானே வெங்காயம் நறுக்கிக்கொண்டே நூறு தடவை கேட்டிருப்பேன். இனி அதில் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாலு அடி போனது. நான் மேடையில் சுற்றுமுற்றும் பார்த்தேன். இன்னொரு ஆள் எங்கே?

சத்தியமாக! குறைந்தது மூன்று பேர் வாசிக்கிற சத்தம். கீழே ஒருவர் தடித்த கம்பியில் நடை போட்டுக்கொண்டே இருக்கிறார்... நடுவில் ஒருவர் கொசுறு கொசுறாக எதையோ நிரப்புகிறார்... மேலே ஒருவர் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். பாடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நாற்காலியில் இருந்தது ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு கிடார்.

மெல்லிசைக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். விரலிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துக்கொண்டு கிடாரை வரட் வரட் என்று இழுப்பார்கள். இவரிடம் அந்தத் துண்டு இல்லை. வெறும் விரல். நகம் இருந்த விரலில் நகம், உடைந்த விரலில் சதை.

கூட்டத்தில் ஒருவன் ஏதோ கத்த, சரோஜா திரும்பி, "கம்முனு கெடடா!" என்றாள். அதுதான் கடைசிச் சத்தம். அப்புறம் கிடார் மட்டும்.

பாட்டு முதல் சரணத்துக்குள் நுழையும்போது ஷெட் வாசலில் வேன் வந்து நின்றது. ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக, மெட்ராஸ் மெல்லிசைக் குழு.

டிரம்ஸ் இறங்கியது. பெட்டிகள் இறங்கின. கோட்டு போட்ட குழுத் தலைவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பர்சனல் ஆபீசர் என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், போதும். அவங்க வந்தாச்சு. அனவுன்ஸ் பண்ணுங்க."

"பாட்டு முடியட்டும் சார்."

"முடியறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ! முதலாளி வெயிட் பண்றாரு. இப்பவே அனவுன்ஸ் பண்ணுங்க."

நான் மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாட்டின் நடுவே என் குரலை நுழைக்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் குழு ஆள் ஒருவர் மேடையேறி, கிடாருக்கு முன்னாலிருந்த ஸ்டாண்டு மைக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர்களுடைய பாடகருக்கு அது வேண்டுமாம்.

ஸ்பீக்கரில் கிடார் நின்றுபோனது. நானூறு பேர் 'ஏ...' என்று கத்தினார்கள்.

துலுக்காணம்? மைக் போவதைப் பார்த்தார். கை நிற்கவில்லை. யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று பார்க்காமல் வாசித்துக்கொண்டே இருந்தார். முன் வரிசைக்கு மட்டும் லேசாகக் கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்களுக்கு அசைகிற கை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு மனிதன் ஒரு காரியத்தைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கும்போதுதான், அவனை நிறுத்தச் சொல்ல ஒரு நியாயமான காரணம் வந்து நிற்கும். நேரமாகிவிட்டது. சாப்பாடு ஆறுகிறது. பெரியவர் காத்திருக்கிறார். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். நாமும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறோம். எத்தனை தடவை ஆட்டியிருக்கிறோம் — நீங்களும் நானும்!

அன்று ஆட்ட முடியவில்லை. என் கையிலும் ஒரு மைக் இருக்கிறதே?

இரண்டடி எடுத்து வைத்தேன். அந்த மைக்கை அவருடைய கிடாரின் வட்டத் துவாரத்துக்கு எதிரே நீட்டினேன். நின்றுகொண்டு நீட்டினால் ஒயர் எட்டவில்லை. புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு மேடையில் முட்டி போட்டேன்.

ஸ்பீக்கர் ஒரு தடவை 'கீ...' என்று கத்தியது. அடுத்த நொடி, பாட்டு ஷெட் முழுக்கத் திரும்பி வந்தது. வந்ததும் கூட்டம் போட்ட சத்தம் இருக்கிறதே... நான் கோயில் தேர் நகரும்போதுதான் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கிறேன்.

"மேடம்! எழுந்திருங்க! இன்னா இது அசிங்கமா!" — எனக்குப் பின்னால் பர்சனல் ஆபீசர். பதற்றத்தில் அவருக்கே 'இன்னா' வந்துவிட்டது. நான் திரும்பவில்லை.

திரும்பவும் முடியாது. என் கண்ணுக்கு அரை அடி தூரத்தில் அந்தக் கை. பிரியமானவர்களே, நான் பார்த்ததை எப்படிச் சொல்ல?

கட்டைவிரல் தனியாக ஒரு வேலையில் இருந்தது. தடித்த கம்பிகளில், இடது கால் வலது கால் மாதிரி, மாற்றி மாற்றி. ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. மற்ற மூன்று விரல்களும் என்ன கூத்தடித்தாலும் அது தன் நடையிலேயே போய்க்கொண்டிருந்தது. ஆண் பாடுகிற வரி வந்தால் பாட்டு நடுக் கம்பிகளுக்கு இறங்கியது. பெண் பதில் சொல்கிற வரிக்கு மெல்லிய கம்பிகளுக்கு ஏறியது. தபேலா வர வேண்டிய இடத்தில் மணிக்கட்டால் மரத்தின் மேல் ஒரு தட்டு. இரண்டு சரணத்துக்கு நடுவில், ரேடியோவில் இருபது வயலின் வருமே, அந்த இடத்தில் இடது கை விரலால் கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டார்... தொட்டு எடுத்தார். மணி அடித்த மாதிரி ஒரு நாதம். ஒன்றல்ல, வரிசையாக.

இரண்டாவது சரணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ரேடியோவில் அது ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அதில் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கிறாள். இத்தனை வருஷமாக எனக்கு அது கேள்வி என்றே தெரியாது. துலுக்காணம் அந்த இடத்தில் நிதானித்தார். கேள்வியை மேல் கம்பியில் விட்டுவிட்டு, கட்டைவிரலைக்கூட ஒரு கணம் நிறுத்தினார். அன்று ஒரே ஒரு தடவை அது நின்றது அங்கேதான். பதில் வரவில்லை. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, நடுக் கம்பியிலிருந்து அந்த ஆணின் வரி வந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர். துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் புடவை.

பாட்டு முடிந்தது. முடிந்தது என்று கூட்டத்துக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. அப்புறம் தகரக் கூரை அதிர்ந்தது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" முன் வரிசையில் முதலாளி கைதட்டினாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தட்டினார்.

துலுக்காணம் எழுந்து கும்பிட்டார். "அவுங்கோ மெட்ராஸ்லேர்ந்து கஷ்டப்பட்டு வந்துகிறாங்க. பாடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கும்பிட்ட கையின் நடுவிரல் நுனியில் ரத்தக் கோடு.

குழுவோடு வந்த கிடார்காரர், மீசை நரைத்தவர், இன்னும் பெட்டியைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தார். துலுக்காணத்தை வழிமறித்தார். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யாராண்டயும் இல்லீங்க. பெரம்பூர்ல பக்கத்தூட்ல எஞ்சின் டிரைவர் ஒர்த்தரு இருந்தாரு. குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறப்போ இத குட்த்துட்டுப் போய்ட்டாரு. வாசிக்கச் சொல்லித் தர்ல. கூட வாசிக்கறதுக்கும் ஆளு இல்ல. ரேடியோல அத்தினி பேரு வாசிக்கிறாங்க, நான் ஒண்டி. அதான் எல்லாத்தையும் நானே வாசிச்சுக்கினேன்."

கிடார்காரர் துலுக்காணத்தின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று அவர் தன் கச்சேரியில் கிடாரை ரொம்ப அடக்கியே வாசித்தார் என்று எனக்குத் தோன்றியது.

சரி. இதுவரை சுகமான பகுதி.

மறு வாரம் எனக்கு மெமோ வந்தது. மூன்று குற்றங்கள். ஒன்று, உத்தரவை மீறியது. இரண்டு, பெண் ஊழியருக்குத் தகாத முறையில் மேடையில் மண்டியிட்டது. மூன்று, விருந்தினர்களைக் காக்க வைத்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விளக்கம் தர வேண்டும். டைப் அடித்தவள் நானே. ஆபீசில் டைப் அடிக்க வேண்டிய எல்லாக் காகிதமும் என் மேஜைக்குத்தானே வர வேண்டும்? 'மண்டியிட்டது' என்பதில் அவர் எழுத்துப் பிழை விட்டிருந்தார். திருத்தி அடித்தேன்.

வீட்டில் காட்டினேன். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். விடியற்காலையில் பெருமாள் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து சொல்கிற பிரபந்த கோஷ்டிக்கும் போகிறவர். மெமோவை இரண்டு தடவை படித்தார்.

"எதுக்கு வம்பு? வருத்தப்படறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடேன். ரெண்டு மாசந்தானே பாக்கி."

அவரே ஒரு காகிதத்தில் அந்த வரியை அழகாக எழுதியும் கொடுத்தார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கேட்டார்.

"ஆமா, பாட்டு முடிஞ்சப்புறம் அனவுன்ஸ் பண்ணச் சொன்னாரா, நடுவுலயா?"

"நடுவுலதான் சொன்னார். சரணத்துக்கு நடுவுல."

"நடுவுலயா!"

தான் எழுதிய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீயே எழுதிக்கோ" என்று எழுந்து போய்விட்டார். கோஷ்டியில் ஒரு பாசுரத்தை நடுவில் நிறுத்தச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

நானே எழுதினேன். முதல் குற்றம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது, மைக் ஒயர் நீளம் போதாததால் மண்டியிட நேர்ந்தது. நிர்வாகம் நீளமான ஒயர் வாங்கினால் அடுத்த முறை நின்றுகொண்டே பிடிப்பேன். மூன்றாவது, வர வேண்டியவர்கள் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். பாட்டு ஐந்து நிமிஷம். யார் யாரைக் காக்க வைத்தது என்பதை நிர்வாகமே முடிவு செய்யலாம். வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

துலுக்காணத்துக்கு மெமோ இல்லை. வாய்மொழி உத்தரவு. 'இயந்திரத்தில் வேலை செய்கிறவன் நகம் வளர்க்கக் கூடாது, பாதுகாப்புக்குக் கேடு, உடனே வெட்டு.' பதினாலு வருஷ லேத் வேலையில் கேடில்லாத நகம்! மறுநாள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என் மேஜைக்கு எதிரேதான் நடந்தது.

"நகம் வெட்டினியா?"

"வெட்டிட்டேன் சார்."

"காட்டு."

துலுக்காணம் இடது கையை நீட்டினார். அஞ்சு விரலும் சுத்தமாக, ஒட்ட வெட்டியிருந்தது. கிடார் கம்பியை அழுத்துகிற கை அது. அதில் நகம் எப்போதுமே இருந்ததில்லை.

"அந்தக் கை?"

"அது இன்னொரு கை சார்."

நான் டைப்ரைட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். பர்சனல் ஆபீசர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துலுக்காணமும் பார்த்தார். சிரிக்கவில்லை, தலை குனியவில்லை. கடைசியில், "போய் வேலையப் பாரு" என்று ஒரு உறுமல். நகம் இன்றுவரை இருக்கிறது.

எனக்கு அவ்வளவு சுலபமாக விடவில்லை. ப்ரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. இனி விழா மேடைகளில் மைக் கிடையாது. கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பர்சனல் ஆபீசர், "இது உங்க நன்மைக்குத்தான் மேடம்" என்றார். வலித்ததா? வலித்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு பெரியபாளையம் வரை அழுதேன். ஆனால் மறுபடி அந்த மேடையில், அந்தச் சரணத்தில், அந்த மைக்கோடு என்னை நிறுத்தினால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். பஸ் மாறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

இப்போது புதன்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துலுக்காணம் கேன்டீனில் வாசிக்கிறார். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்காதீர்கள். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் முதல் பெஞ்சைப் பிடித்துவிடுகிறார்கள். போன வாரம் வந்த புதுப் படத்துப் பாட்டையே இந்த வாரம் வாசித்துக் காட்டினார். மைக் கிடையாது. தேவையும் இல்லை. நூற்றைம்பது பேர் சாப்பிடுகிற கேன்டீனில் ஒரு டம்ளர்கூடச் சத்தம் போடுவதில்லை.

இந்தத் திங்கட்கிழமை கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'உணவுக்கூடம் உணவு உண்பதற்கு மட்டுமே. உண்டு முடித்தவர்கள் உடனே வெளியேற வேண்டும்.'

உத்தரவை மீறுகிற எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை. இப்போதெல்லாம் எல்லோரும் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறோம்.